காபிக்கடை வாசல்ல நின்ன வண்டி

இல்லம்மா, அவரைக் கூப்பிட வேண்டாம். அதோ, பாலத்துக்கு அந்தப் பக்கம் சாசேஜ் கடையில வரிசையில நிக்கறாரே, நீல ஜாக்கெட்டு, நமக்கு முதுகைக் காட்டிக்கிட்டு, அவருதான். யெப்பே. எங்க வீட்டுக்காரரு. அவரு கைக்கு சாசேஜ் வர்றதுக்குள்ள நாம பேசி முடிச்சிடலாம். போலீஸ்காரங்க நீங்க, என்ன வேணா கேளுங்க, ஒளிக்காம சொல்றேன். அவரு காதுக்கு மட்டும் இது போக வேண்டாம். நான் கேக்கறது அது ஒண்ணுதான்.

பேரா? ஸ்டினே. ஊரு லெம்விக். ஆமா, மேற்குக் கோடி, அதைத் தாண்டினா கடல்தான். நான் வாயைத் திறந்ததுமே உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமே, நேத்து ஓட்டல்ல இருந்த பையனும் நான் பேசினதைக் கேட்டு உதட்டைக் கடிச்சுக்கிட்டான். கோபன்ஹேகன்காரங்களுக்கு நாங்க பேசினாலே மாடு மேய்க்க வந்த மாதிரி இருக்கும்போல. சிரிச்சுக்கோங்க, பரவாயில்ல. பஸ் ஓட்டறேன் ஊர்ல. பள்ளிக்கூடப் பசங்களையும் பல் டாக்டர்கிட்ட போற கிழங்களையும் ஏத்திக்கிட்டு அந்த மேட்டுல ஏறி இறங்கறதுதான் வேலை. இப்ப கொஞ்ச நாளா போகல. லீவு.

இல்ல, உடம்புக்கு ஒண்ணுமில்ல. லீவு, அவ்வளவுதான்.

சொல்றேன், சொல்றேன். நான் குழந்தையைத் திருடலம்மா. நம்ம நாட்டுல குழந்தையைத் தள்ளுவண்டியில போட்டு வாசல்லயே தூங்க விட்டுட்டு உள்ள போறது வழக்கம்தானே, நீங்களும் அப்படித் தூங்கி வளர்ந்த பொண்ணுதானே, உங்களுக்குத் தெரியாததா. காபிக்கடை வாசல்ல சுவரோரமா வரிசையா வண்டி நிக்குது. எல்லாம் ஒரே கறுப்பு, ஒரே பெரிய சக்கரம், உள்ள ஒரே செம்மறித் தோலு. நாட்டுல பாதிப் பேரு வெச்சிருக்கற வண்டி. யெப்பே என்கிட்ட, நீ காபியைக் குடிச்சிட்டு வா, நான் போய் வரிசையில நிக்கறேன்னு போயிட்டாரு. நான் குடிச்சேன். ஏலக்காய் பன்னு பாதி சாப்பிட்டேன், மீதி இறங்கல. எழுந்தேன், கோட்டு போட்டேன், வெளிய வந்தேன். கடைசியில நின்ன வண்டியோட பிரேக்கைக் காலால தட்டி விட்டேன். தள்ளிக்கிட்டு நடந்தேன்.

அவ்வளவுதாம்மா. யோசிச்சு செஞ்சிருந்தா யோசிச்சேன்னு சொல்லிடுவேன். பஸ்ல ஏறி உக்காந்தா கை தானா கண்ணாடிக்குப் போகும் பாருங்க, அந்த மாதிரி. காபிக்கடையை விட்டு வெளிய வந்தா பிரேக்கைத் தட்டணும்னு காலுக்குப் பழகிடுச்சு.

அதுக்கு முன்னாடி எங்க போனோமா? ஓட்டல்ல இருந்து நேரா இங்கதான் வந்தோம். டிவோலி ராட்டினப் பூங்காவுக்குப் போகல. யெப்பேதான் அந்தப் பக்கமே வேண்டாம்னாரு. கூட்டம்னு சொன்னாரு. இந்த ஊருக்கு வர்றதே எங்க யோசனை இல்ல, கிர்ஸ்டன் பண்ணின வேலை, யெப்பேவோட அக்கா. ரயில் டிக்கெட்டு, ஓட்டல் ரூம் எல்லாம் போட்டுக் கொடுத்துட்டு, நீங்க ரெண்டு பேரும் மட்டும் போய் ரெண்டு நாள் நல்லா சாப்பிட்டு, ஊரைச் சுத்திட்டு வாங்கன்னா. அவ நல்லவதான். நல்லவங்க ஏதாவது செஞ்சே ஆகணும்னு நிப்பாங்க, நாம வேண்டாம்னு சொல்ல முடியாது. வந்தோம். நேத்து ஊரைச் சுத்திக் காட்டற படகுல ஏறினோம். அந்த ஆளு மைக்குல என்னென்னமோ சொன்னான், எல்லாரும் தலையைத் திருப்பினப்ப நாங்களும் திருப்பினோம். என்ன பாத்தேன்னு கேட்டா எனக்குச் சொல்லத் தெரியாது.

இன்னிக்குக் காலைல சாப்பிடற இடத்துல யெப்பே எதிர் நாற்காலியில இருந்து எழுந்தாரு, என் நாற்காலியைத் திருப்பி சுவரைப் பாக்க வெச்சாரு. எதுக்குன்னு நான் கேக்கல. பின்னாடி ஒரு குடும்பம் கைக்குழந்தையோட வந்து உக்காந்த சத்தம் கேட்டுச்சு.

ஆமா, பாலத்துக்கிட்ட வந்ததும்தான் தெரிஞ்சுது. எங்க வண்டியில இடது சக்கரம் கீச்சு கீச்சுன்னு கத்தும். எண்ணெய் போடுங்கன்னு யெப்பேவை எத்தனை தடவை நச்சரிச்சிருப்பேன். பாலத்துல கல்லு மேல ஏறறப்போ சத்தமே வரல. எண்ணெய் போட்டுட்டாரு போலன்னு நெனச்சேன். அப்புறம்தான் குனிஞ்சு பாத்தேன். தலை நிறைய கறுப்பு முடி. பையன். வாயைத் திறந்துக்கிட்டுத் தூங்கறான். அல்மாவுக்கு முடியே கிடையாது, மொட்டை, நாலு பஞ்சு ஒட்டின மாதிரி இருக்கும்.

பிரேக் போட்டுட்டு அங்கயே நின்னேன். ஓடலம்மா. ஓடறதுக்கு என்ன இருக்கு. திருப்பிக் கொண்டு போய் விடணும்னு தெரியுது, கால்தான் வரல. போர்வை ஒரு பக்கம் நழுவி இருந்துச்சு, சரி பண்ணினேன். கன்னத்தைத் தொடல. அதுக்குள்ள அந்தப் பையனோட அம்மா ஓடி வந்துட்டாங்க. செருப்பு ஒண்ணு கழண்டு போச்சு அவங்களுக்கு. என்னைத் தள்ளினாங்க. தள்ளட்டும், நானா இருந்தா கடிச்சிருப்பேன். இப்ப எப்படி இருக்காங்க? உள்ள உக்காந்திருக்காங்களா? தண்ணி கொடுத்தாங்களா? பையன் முழிச்சுக்கலையே? அதுதான் பெரிய விஷயம். ஒருதடவை தூக்கம் கலைஞ்சா அன்னிக்குப் பூரா அவங்க பாடு திண்டாட்டம்தான்.

என்னது?

ஓ. குழந்தை அழுதா அம்மாவுக்குக் கேக்கறதுக்கு வண்டிக்குள்ள மைக் இருந்துச்சா. நான் பாக்கவே இல்லையே. கடைக்குள்ள அவங்க மேசை மேல இருந்த டப்பாவுல நான் பேசினது கேட்டுச்சாமா. என்ன கேட்டுதாம்?

'சரி அல்மா, போலாம் வா, அப்பா காத்துக்கிட்டு இருப்பாரு'ன்னு கேட்டுதா.

சொல்லியிருப்பேன். நான்தான் சொல்லியிருப்பேன், வேற யாரு. பாவம் அந்தப் பொண்ணு, வாயில காபியோட உக்காந்திருக்கறப்போ டப்பாவுல யாரோ ஒருத்தி குரல் வந்தா உயிரு போயிருக்கும். மன்னிச்சுக்கச் சொல்லுங்க. இல்ல, நானே போய்ச் சொல்லவா? வேண்டாமா. சரி.

அல்மா எங்க பொண்ணும்மா. ஆமா, ஒரே பொண்ணு. ஏழு மாசம்.

காபிக்கடையில பரிமாறின பையனையும் கேட்டுட்டீங்களா? ஆமா, நான் வண்டியோட வரல. அவன் சொன்னது சரிதான்.

இருங்க. வரிசை நகந்துடுச்சா பாருங்க. இன்னும் ரெண்டு பேரு முன்னாடி இருக்காங்க. வறுத்த வெங்காயம் கூடப் போடச் சொல்லி நிப்பாரு, அதுக்குக் கொஞ்சம் நேரம் ஆகும்.

நீங்க நெனைக்கறது எனக்குப் புரியுது. யெப்பே கையிலயும் வண்டி இல்ல. அப்ப எந்த வண்டின்னு நெனச்சு இதைத் தள்ளினேன்னுதானே கேக்கறீங்க. கேக்க வேண்டியதுதான், உங்க வேலை அது. எங்க வண்டி ஊர்ல இருக்கு. கொட்டகையில, சைக்கிளுக்குப் பின்னாடி, தார்ப்பாய் போட்டு மூடி வெச்சிருக்கு. கிர்ஸ்டன் வித்துடலாமான்னு மெதுவா கேட்டா. யெப்பே எழுந்து போயிட்டாரு, அதோட விட்டுட்டா.

குழந்தை பாட்டிகிட்டயா? இல்ல. யார்கிட்டயும் இல்ல.

பிப்ரவரியில போயிட்டாம்மா. தூக்கத்துலயே. வெளிய இல்ல, அதைத்தான் எல்லாரும் முதல்ல கேக்கறாங்க, அன்னிக்குப் பனியில வண்டியில படுக்க வெச்சீங்களான்னு. பக்கத்து வீட்டுல வாடகைக்கு வந்திருக்கற இத்தாலிக்காரி கேட்டே கேட்டுட்டா. பனி கொட்டினப்பல்லாம் குழந்தை வெளியதான் தூங்கினா, மூக்கு நுனி மட்டும் சிவந்து, எழுந்ததும் சிரிப்பா. ஆனா அன்னிக்கு வீட்டுக்குள்ள, எங்க கட்டிலுக்குப் பக்கத்துல, கதகதன்னு, அவ தொட்டில்லதான் போனா. டாக்டரு ரெண்டு பேரு வந்தாங்க, உங்க ஆளுங்களும் வந்தாங்க, எழுதிக்கிட்டாங்க. யாரு தப்பும் இல்லைன்னாங்க. இப்படி நடக்கறது உண்டுன்னாங்க.

அழலம்மா நான், பாருங்க. கண்ணு காஞ்சுதான் இருக்கு. அழுகை வரமாட்டேங்குது. சிவந்திருக்குன்னா காத்துதான், இந்த ஊருக் காத்து. நீங்க ஏன் உங்க கண்ணைத் தொடைச்சுக்கறீங்க? எழுதுங்க, ஸ்டினே, லெம்விக், பஸ் டிரைவர். ஸ்டேஷனுக்கு வரணும்னா சாயங்காலம் நானே வரேன், அவரு தூங்கினதும். அந்த நேரம் கொஞ்சம் படுப்பாரு. ராத்திரி அவரு தூங்கறதில்ல.

வேண்டாமா? அந்தப் பையனோட அம்மா புகார் கொடுக்கலையா? எங்க பொண்ணு போனது தெரிஞ்சா? உங்களுக்கு எப்படி... ஓ, இன்னொரு போலீஸ்காரரு உங்க காதுல சொன்னாரா. அவங்களுக்கு எப்படித் தெரிஞ்சுதாம்? டப்பாவுல கேட்டப்பவே தெரிஞ்சுதாமா. நான் பேசின விதத்துலயா. சரி.

அவங்களுக்கு நன்றி சொல்லுங்க. செருப்பு பாலத்து மேலயே கிடக்கு, யாராவது மிதிச்சுடப் போறாங்க.

பாருங்க, அவரு திரும்பிட்டாரு. ரெண்டு கையிலயும் தட்டு. இந்தப் பக்கம்தான் வராரு. நீங்க ஒண்ணு மட்டும் செய்யணும். நான் அல்மான்னு கூப்பிட்டதை அவர்கிட்ட சொல்லிடாதீங்க. இந்த ரெண்டு நாளும் அந்தப் பேரைச் சொல்றதில்லைன்னு ரயில்ல ஏறறதுக்கு முன்னாடியே பேசி வெச்சிட்டு வந்தோம். அவரு ஒரு தடவை கூடச் சொல்லல. நேத்துப் படகுல வாயைத் திறந்துட்டு மூடிக்கிட்டாரு, நான் பாத்தேன். அவரு அவ்வளவு கஷ்டப்பட்டு அந்தப் பேச்சைக் காப்பாத்தறாரு, நான் ஒரு காபிக்கடை வாசல்ல தொலைச்சுட்டேன்னு தெரிய வேண்டாம்.

என்ன பேசிக்கிட்டு இருந்தீங்கன்னு கேட்டா, நான் உங்ககிட்ட வழி கேட்டேன்னு சொல்லுங்க. பஸ் ஓட்டறவ போலீஸ்கிட்ட வழி கேட்டாளான்னு சிரிப்பாரு. சிரிச்சா சிரிக்கட்டும்.