கடைசிப் பக்கத்துக் குடை

— கருவாட்டப் புரட்டிக்கொண்டே கதை மர்ளியா. சும்மா நிண்டால் அம்மா எட்டிப் பார்ப்பா.

— புரட்டிக்கிட்டுத்தானே ஈக்கிற. வாப்பா வாங்க வந்த மத்தக் கருவாட்ட தராசில நிறுத்து முடிக்கிற வரைக்கும்தான் எனக்கு நேரம். சொல்லு புள்ள.

— ஞாயிறு எங்கட கோயிலடியில நிண்டாய் என்ன? உன்ட கறுப்புப் பர்தாவ கேற்றுக்கால கண்டனான்.

— நிண்ட. ஸ்பீக்கர்ல ஒன்ட பேரு கேட்டிச்சி. சவிரிமுத்துட மகள் எமிலியா. அதோட சேத்து சிலாபத்துக் கில்பட்டுட பேரும். ஆரும் மவுத்தாப் போனா எங்கட பள்ளியில அறிவிக்கிற மாதிரியே ஈந்திச்சி எமி.

— அது ரெண்டாம் கலியாண ஓலை. வாற ஞாயிறு மூண்டாவதையும் வாசிச்சா, பிறகு தாலிதான். இந்தக் கலியாணத்துக்குத் தடை தெரிஞ்ச ஆக்கள் வந்து சொல்லோணும் எண்டு பாதர் சொன்னார். எனக்கு நெஞ்சு இடிச்ச இடியில பக்கத்தில இருந்த மக்தலேனா மாமி திரும்பிப் பாத்தா. ஒருத்தரும் வாய் திறக்கேல்ல.

— தடை என்னண்டு யாருக்குப் புள்ள தெரியும்? எனக்கும் ஒனக்கும் மட்டும்தானே.

— அதுதான் சொல்லுறன். சனிக்கிழமை விடிய பஸ் இருக்கு. எங்களோட ஏ.எல் சோதினை எழுதின சுஜாந்தி இப்ப கட்டுநாயக்காவில காமென்ட்ஸுக்குத் தைக்கப் போறாள். அறை பாத்துத் தாறாளாம். போவம், ரெண்டு பேரும்.

— எமி...

— என்ன எமி? கில்பட் நல்லவன். அதுதான் எனக்குப் பயம். குடிக்கமாட்டான், கை நீட்டமாட்டான். அவனை வேணாமெண்டு சொல்ல என்னட்ட ஒரு காரணமும் இல்ல. உன்னைத்தான் பிடிச்சிருக்கு எண்டு அம்மாட்ட எந்த வாயால சொல்லுறது?

— மெல்லக் கதை, அல்லாஹ்வே!

— இந்தக் காத்துக்குள்ள ஒண்டும் கேளாது. வாறியா, இல்லையா?

— நாம ரெண்டு பேரும் ஒரே நாள்ல இல்லாமப் போனா ஊரு என்ன சொல்லும் தெரியுமா? ஒன்ன எங்கட பொடியன் ஒருத்தன் கூட்டிட்டுப் போய்ட்டான். என்ன ஒங்கட பொடியன் ஒருத்தன். ரெண்டு பக்கமும் பொல்லுத் தூக்குவாங்க. வாப்பா இந்தக் கருவாட்டு வாடிக்குள்ள கால் வைக்கேலாது.

— அப்ப உள்ளதச் சொல்லிப்போட்டுப் போவம்.

— சொன்னாலும் வெளங்காது. இப்படி ஒண்டு ஈக்கிதெண்டே அவங்களுக்குத் தெரியாதே. நீ அழுதாலும் நான் அழுதாலும், எவன் அவன் எண்டுதான் கேப்பாங்க.

— எங்களுக்கு மட்டும் எப்பிடித் தெரிஞ்சது? அந்த ஜப்பான் படக்கதையாலதானே. அம்மா அறை கூட்டுற ஹோட்டல்ல அந்த ஜப்பான்காரப் பெட்டை விட்டிட்டுப் போனது. ஒரு எழுத்து விளங்கேல்ல. படத்தப் பாத்துப் பாத்து நீதானே எனக்குக் கதை சொன்னாய்.

— அது வெறும் படம் புள்ள.

— உனக்கு வெறும் படம். நான் அதை நினைச்சுத்தான் மூச்சு விடுறன். முதல் பக்கத்திலயே ஸ்டேசன். நெட்டைச்சி ரயில்ல ஏறிப் போறாள், சின்னவள் அழுதுகொண்டு நிக்கிறாள். அப்பிடிப் பிரிஞ்சவளுகளே திரும்பச் சேர்றாளுகள். கடற்கரைக்குப் போறாளுகள், ஒரு பாண் துண்டைப் பிச்சுத் தின்னுறாளுகள். கடைசிப் பக்கத்தில மழை. ஒரு குடைக்குள்ள ரெண்டு பேரும்.

— நெட்டைச்சிட முடி ஞாபகம் ஈக்கிதா?

— ஏன் இல்லாம? முதல்ல இடுப்பு வரைக்கும், போகப் போகக் கட்டை. சின்னவள விட்டிட்டுப் போன கவலையில வெட்டிட்டாள் எண்டு நீதானே சொன்னாய்.

— ஓம். நான்தான் சொன்ன.

— குடைக்குள்ள நிக்கேக்க ஒருத்திய ஒருத்தி முன்னப் பின்னத் தெரியாத மாதிரிப் பாக்கிறாளுகள். அது வெக்கம் எண்டும் நீதான் சொன்னாய். ஏய், ஏன் அழுறாய்?

— உப்புக் கைய கண்ணுல வெச்சிட்டன்.

— பொய். சரி, வரேலாட்டி விடு. வாற ஞாயிறும் நான் வாய் திறக்கமாட்டன். கலியாணத்தையும் கட்டுறன். ஒண்டு மட்டும் சொல்லு மர்ளியா. அவளுகளுக்கு வந்த மாதிரி எங்களுக்கும் ஒரு நாளைக்கு அந்தக் குடை வரும் எண்டு சொல்லு. கிழவியானாலும் பரவாயில்ல, காத்துக்கொண்டிருப்பன்.

— காத்துக்கிட்டு ஈக்காத எமி.

— ஏன்? கதையில அவள் திரும்பி வந்தவள்தானே!

— நான் சின்னதுல இருந்து ஓதுற புள்ள. எங்கட கிதாபெல்லாம் வலப்பக்கத்தால தொறக்கிற. அந்தப் புத்தகத்த நீ என்ட கையில தந்த அண்டைக்கே நான் அப்படித்தான் தொறந்து பாத்த, கதை சரியா வந்திச்சி. நீ மத்தப் பக்கத்தால தொறந்து அப்படிச் சிரிச்ச, எனக்குச் சொல்ல மனசு வரல்ல. குடைதான் புள்ள மொதப் பக்கம், அவங்க மொதமொத சந்திக்கிற எடம். ஸ்டேசன்தான் கடைசி.