டக் டக்கா, டொக் டொக்கா

— பேச்சை மாத்தாதீங்க. சனிக்கிழமை சாயங்காலம் எங்க போறீங்கன்னு கேட்டேன்.

— முதல்ல இதுக்கு ஒரு வழி சொல்லு தாயே. படத்துல குழந்தை மாடிப்படியில ஓடி வருது. படத்தோட வந்த இங்கிலீஷ் தாள்ல அந்தச் சத்தத்துக்கு 'பிட்டர்-பேட்டர்'னு போட்டிருக்கான். நான் தடதடன்னு போட்டா குண்டு மாமா ஓடி வர்ற மாதிரி இருக்கு.

— குடுகுடுன்னு போடுங்க. சனிக்கிழமை?

— குடுகுடு! அட, பிரமாதம்! ஆபீஸ் சினேகிதனோட டீ குடிக்கப் போறேன், வேறென்ன?

— அவர் பொண்டாட்டியை மார்க்கெட்டுல பார்த்தேன். சனிக்கிழமை அவர் வீட்டை விட்டே நகர மாட்டாராமே?

— அவளுக்கு என்ன தெரியும்?

— எனக்கே ஒண்ணும் தெரியல, அவளுக்கு எப்படித் தெரியும்? காது கேக்காதவங்க படிக்கணும்னு சினிமாவுக்குக் கீழே எழுத்துப் போடற மனுஷன். இத்தனை வருஷத்துல என்கிட்ட ஒரு சத்தத்துக்கு வார்த்தை கேட்டிருப்பீங்களா? இப்ப தினமும் கேக்கறீங்க.

— இங்கிலீஷ்காரன் ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு பேர் வெச்சிருக்கான்டி. விரலால தட்டினா 'டேப்'பு. கதவைப் படபடன்னு தட்டினா 'ராட்-அ-டாட்'டு. கடிகாரத்துக்கு 'டிக்'கு. நம்ம ஊரு வார்த்தை வேணாமா?

— ஹெட்போனை மாட்டினா உங்களுக்கே தானா வருமே. இப்ப அதை மாட்டறதே இல்ல. ஸ்பீக்கர் மேல உள்ளங்கையை வெச்சுக்கிட்டு, குழந்தைக்குக் காய்ச்சல் பார்க்கற மாதிரி உக்காந்திருக்கீங்க.

— மாட்டினா காது வலிக்குது.

— போன் பண்ணா எடுக்கறதில்ல. மெசேஜ் போட்டா மட்டும் உடனே பதில் வருது. பக்கத்துல யாரோ இருக்கா, பேச முடியல. அப்படித்தானே?

— ஐயையே! நல்லா கற்பனை பண்றே போ!

— சிரிக்காதீங்க, எனக்குப் பத்திக்கிட்டு வருது. இன்னிக்கு உங்க மேனேஜர் எனக்கு போன் பண்ணினார்.

— உனக்கா? உனக்கு எதுக்கு?

— நீங்கதான் எடுக்கலையே. நீங்க முடிச்சுக் குடுத்த பேய்ப்படத்துல ஒருத்தி ஜன்னலையே பார்த்துக்கிட்டு நிக்கறாளாம். வெளியில எவனோ நகத்தால கண்ணாடியைத் தட்டறான். நீங்க கீழே 'மழை சடசடவெனப் பெய்கிறது'ன்னு போட்டிருக்கீங்க.

— தாள்ல அந்த இடத்துல ஒண்ணுமே இல்ல. கண்ணாடியில தண்ணி வழிஞ்சுது, அதான் மழைன்னு...

— பார்த்தா எழுதினீங்க? கேட்டு எழுதறதுதானே உங்க வேலை! இன்னொரு தடவை இப்படி வந்தா வேற ஆளைப் பார்த்துக்கறேன்னுட்டார்.

— கவனம் தப்பிடுச்சு.

— அந்தக் கவனம் எங்க போச்சுன்னுதான் கேக்கறேன். யாரு அவ?

— அவளும் இல்ல, இவளும் இல்ல. என் கண்ணைப் பார்த்துச் சொல்லு, நான் அப்படிப்பட்டவனா?

— நீங்க எங்க என் கண்ணைப் பார்க்கறீங்க? வந்ததுலேருந்து என் வாயையே இல்ல பார்த்துக்கிட்டு இருக்கீங்க!

— உன் வாய்தானே இந்த வீட்டுல பெருசு.

— ஜோக்கெல்லாம் அப்புறம். முன்னாடி நான் பேனாவை டிக் டிக்னு அமுக்கினா, தலை வெடிக்குதுடி, நிறுத்துடின்னு கத்துவீங்க. ஞாபகம் இருக்கா?

— இருக்கு. அதுக்கு இப்ப என்ன?

— நீங்க வந்து உக்காந்ததுலேருந்து, மேசைக்கு அடியில இந்த ஸ்டூல் கால்ல ஸ்பூனால தட்டிக்கிட்டே இருக்கேன். பக்கத்து வீட்டுக்காரிகூட என்ன சத்தம்னு எட்டிப் பார்த்துட்டுப் போனா. நீங்க நிறுத்துன்னு ஒரு வார்த்தை சொல்லல.

— இப்பவுமா தட்டறே?

— ஆமாங்க. மேனேஜர் போனை வெச்சதுமே வேற சந்தேகம் வந்துடுச்சு. யாராவது ஒருத்தி இருந்துட்டாக்கூடத் தேவலைன்னு வேண்டிக்கிட்டேதான் தட்டினேன். சனிக்கிழமை டாக்டர்கிட்டதானே போறீங்க?

— பேச்சு கேக்குதுடி, ஏதோ பாதி. சின்னச் சத்தமெல்லாம்தான் போயிடுச்சு.

— ஐயோ, என்கிட்ட சொல்றதுக்கு என்னங்க?

— நிறுத்தாதே, தட்டு. அது எப்படி இருக்குன்னு மட்டும் சொல்லு. டக் டக்கா, டொக் டொக்கா?