விசாரணையில் உடனிருந்த பெண் காவலர்

என் கால் அளவு ஐந்து. பூட்ஸ் மூட்டை வந்தால் ஐந்தாம் நம்பர்தான் முதலில் தீரும். பிந்தினால் ஆண்களின் எட்டாம் நம்பரில் துணியை அடைத்துக்கொண்டு வாத்து மாதிரி நடக்க வேண்டியதுதான். அதனால் அன்று பிற்பகல் மூன்று பத்துக்கு ஸ்டோர் பதிவேட்டில் முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டேன். அதே மூன்று பத்துக்கு இன்ஸ்பெக்டர் ஐயாவின் அறையில் நடந்த விசாரணையில் உடனிருந்ததாகவும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்க்க அவளுடைய வக்கீல் உங்களுக்குத்தான் தோன்றியிருக்கிறது, மேடம். கெட்டிக்காரர்தான்.

பெண்களை விசாரிக்கும்போது ஒரு பெண் காவலர் கூட இருக்க வேண்டும் என்பது விதி. எங்கள் நிலையத்தில் இருந்த ஒரே பெண் காவலர் நான். புகார் கொடுக்க வருகிறவளிடம் முதலில் பேசுவதும் நான்தான். "கூட யாரும்மா வந்திருக்கா? வீட்ல யாரு இருக்கா?" என்று கேட்பேன். அப்பா, அண்ணன் என்றால் புகார் எழுதும் ரைட்டரிடம் அனுப்புவேன். யாரும் இல்லை என்றால் ஐயாவின் அறைக்கு. இப்படிச் செய் என்று ஐயா ஒருநாளும் வாய்திறந்து சொன்னதில்லை.

வேலையில் சேர்ந்த புதிதில் ஐயா அந்த அறைக்கு என்னைத்தான் கூப்பிடுவார். யாரிடம் போய்ச் சொல்வது? புகார் சொல்வதற்கென்று இருக்கும் இடமே எங்கள் நிலையம்தானே. ஒருநாள் உள்ளே புகார்க்காரி ஒருத்தி தனியாக இருந்தாள். அன்று அவர் என்னைக் கூப்பிடவில்லை. வீட்டுக்குப் போய், பல மாதம் கழித்து வயிறாரச் சாப்பிட்டேன். அன்றைக்கே வழி தெரிந்துவிட்டது.

நீங்கள் கேட்கிற இந்தப் பெண் தையல் கம்பெனியில் வேலை பார்த்தவள். ஃபோன் தொலைந்துவிட்டது என்று வந்தாள்.

"யாரும் இல்லக்கா. ஹாஸ்டல்ல இருக்கேன்."

ஐயாவின் அறை வாசலில் என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, நீங்க போயிடாதீங்க."

"இங்கதான் இருப்பேன் தங்கச்சி. ஐயா தங்கமானவரு."

பிறகு அவள் மேலிடத்தில் புகார் கொடுத்தாள். என்னைக் கேட்டார்கள். கடைசிவரை உடனிருந்தேன், எதுவும் நடக்கவில்லை என்றேன். பொய்ப் புகார் என்று அவள் மேலேயே வழக்குத் திரும்பியது. வேலையும் போனது. நாளைக்குத் தீர்ப்பு, நான் உண்மையைச் சொல்லாவிட்டால் அவளுக்குச் சிறைதான் என்றீர்கள். கேட்க எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. சரி, எழுதிக்கொள்ளுங்கள்.

நான் உள்ளே இல்லை. கதவை ஐயா பூட்டினார் என்று அவள் எழுதிக் கொடுத்திருக்கிறாள். பாவம், அவளுக்கு எப்படித் தெரியும்? வெளியே தாழ்ப்பாள் போட்டது நான். உள்ளேயிருந்து தட்டியது கேட்டது. ஸ்டோருக்குப் போய், இரண்டு ஜோடி போட்டுப் பார்த்து, கடிக்காததை எடுத்துக்கொண்டு வந்துதான் திறந்தேன். அவளுக்கு முன்னால் பதினொரு பேர். எல்லோருக்கும் உடனிருந்ததாகக் கையெழுத்துப் போட்டது நான்தான்.

ஒன்றை மட்டும் விட்டுவிடாமல் எழுதுங்கள், மேடம். அந்தப் பன்னிரண்டு பேரில் ஒருத்தியிடம்கூட நான் முகம் சுளித்துப் பேசியதில்லை.