செல்லி துடைத்த நம்பர் பிளேட்

பச்சை நிறத்தின் மேல் எனக்கு எந்தப் பகையும் இல்லை, மேடம். நெல் மில் வைத்திருப்பவன் நான். கலசப்பாக்கத்தைச் சுற்றி எந்தப் பக்கம் பார்த்தாலும் பச்சைதான். அந்த வயல்கள்தான் எனக்குச் சோறு போடுகின்றன. ஆனால் ஒரு சிவப்புக் காரின் மூக்கில் அந்தப் பச்சையை ஆணி அடித்து மாட்டச் சொன்னால், கண் உள்ள எவனுக்கும் உறுத்தும். முதலில் இதை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும்.

ஸ்டேஷனுக்கு வந்தவனுக்கு டீ வரவழைத்துக் கொடுத்தீர்கள், நன்றி. குடிக்கவில்லை என்று தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். டம்ளர் விளிம்பில் யாருடைய வெற்றிலைக் கறையோ இருக்கிறது. எனக்கு அதெல்லாம் சின்ன வயதிலிருந்தே ஆகாது. கல்யாணப் பந்தியில்கூடப் பக்கத்து இலைக்காரர் ரசத்தை உறிஞ்சினால் நான் எழுந்துவிடுவேன்.

காரைப் பற்றிச் சொல்கிறேன். மின்சாரத்தில் ஓடும் மசில் கார். பெயருக்கு ஏற்றபடி பயில்வான் உடம்பு. அகன்ற தோள், நீண்ட மூக்கு, தரையோடு தரையாகப் படுத்த இடுப்பு. வெளிநாட்டிலிருந்து கப்பலில் வந்தது. எங்கள் பக்கத்தில் அது ஒன்றுதான். வாங்கும்போது அதில் ஒரு ஒலிபெருக்கி இருந்தது. இன்ஜின் இல்லாத வண்டி இன்ஜின் இருப்பதுபோல உறுமுவதற்காக. எனக்குப் பொய் பிடிக்காது. அதைக் கழற்றிப் போடச் சொல்லிவிட்டேன். அதன் பிறகு வண்டி பூனை மாதிரி நடந்தது. அந்த அமைதிக்காகத்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் மலை ஏறுவேன்.

நம்பர் பிளேட்டுக்குச் சட்டம் என்ன சொல்கிறது? பெட்ரோல் காருக்கு வெள்ளை, மின்சாரக் காருக்குப் பச்சை. எழுத்தைச் சாய்க்கக் கூடாது. அப்பா பெயர் போடக் கூடாது. கண்ணாடிக்குப் பின்னால் வைக்கக் கூடாது. முன்பக்கம் இடம் இல்லாவிட்டாலும் ஓட்டை போட்டு, சீல் வைத்த ஆணியால் அடித்தே ஆக வேண்டும். கழன்றால் அந்த ஆணி மறுபடி உதவாது. புது ஆணிக்கு அனுமதி பெற்ற கடையில்தான் போய் நிற்க வேண்டும். இதைப் பற்றிப் புலம்புவதற்கென்றே எங்களுக்கு வாட்ஸ்ஆப்பில் ஒரு குழு உண்டு. நல்ல குடும்பத்து ஆட்கள். மாப்பிள்ளைக்குப் பட்டு வேட்டி கட்டிவிட்டு நெற்றியில் ரேஷன் கடை முத்திரை குத்தின மாதிரி இருக்கிறது என்று கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் எழுதினார். நாங்கள் எல்லாரும் ரசித்தோம். ஆனாலும் நான் மாட்டிக்கொண்டேன். சட்டத்தை மதிக்கிறவன் நான். அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இப்போது அந்த மலைக்காரர்கள். நெல்லிவாசல்நாட்டுக்குப் போகிற சாலையை நீங்களும் பார்த்திருப்பீர்கள். சாமை அறுப்பு வந்துவிட்டால் கதிரும் தாளுமாகக் கொண்டுவந்து தார் ரோட்டிலேயே பரப்பிவிடுவார்கள். போகிற வருகிற வண்டிகள் அதன் மேல் ஏறி மிதித்துப் போனால் மணி உதிரும். களத்துக்கும் மாட்டுக்கும் பதிலாக நம் டயர். மலைக்கு ஆள் ஏற்றிப் போகிற ஜீப்பு டிரைவர்கள் அதற்கு உதவி செய்வதும் உண்டு. பாதி வழியில் நின்று ஹாரன் அடிப்பார்கள், தாளைக் கிளறுகிற பெண்கள் ஓரமாக ஒதுங்குவார்கள், பிறகு தாள் மேலேயே முன்னும் பின்னுமாக ஏற்றி நன்றாக மிதித்துவிட்டுப் போவார்கள். ஊரே சேர்ந்து ரோட்டில் பிழைக்கிறது. அந்தச் சாமையைத்தான் நாம் பொங்கித் தின்கிறோம் என்று நினைத்தாலே எனக்குக் குமட்டும். டயரில் என்னென்ன ஒட்டியிருக்கும்.

மார்கழி தொடக்கத்தில் ஒரு நாள் அந்தத் தாள் என் காரின் மூக்கில் அப்பிக்கொண்டது. எனக்குத் தெரியவில்லை. கீழே சந்தவாசல் பக்கம் உங்கள் ஆள் ஒருவர் கை காட்டி நிறுத்தி, நம்பர் தெரியவில்லை என்று அபராதம் எழுதினார். தாள் மறைத்துவிட்டது என்றேன். "தாளோ தூளோ, நம்பர் தெரியணும் சார்" என்றார். நான் வெறுத்துக்கொண்டே மாட்டிய பலகை, அதையும் அந்தக் கும்பல் மறைத்ததற்கு நான் தண்டம் கட்டினேன். எரிச்சல் தலைக்கேறியது. மறுவாரமே போய் அந்த இடத்தில் வண்டியை நிறுத்தினேன். அங்கே தாளைக் கிளறிக்கொண்டிருந்த செல்லியிடம் அன்றைக்குத்தான் முதலில் பேசினேன்.

நாற்பது வயது இருக்கும். கையில் தாளைக் கிளறுகிற கவைக் கோல். தலையில் முண்டாசு மாதிரி ஒரு துணி, அது என்ன நிறமாக இருந்தது என்று அதற்கே மறந்திருக்கும். "ரோடு இன்னா உங்கப்பன் வூட்டுதா? தாளைக் கொண்டாந்து கொட்டினா நாங்க எப்டிப் போறது?" என்று கேட்டேன். மரியாதையாகத்தான் கேட்டேன்.

அவள் சிரித்தாள். "கோச்சிக்காதண்ணா. மலை மேல சமமா கீறது இந்த ரோடு ஒண்ணுதான். இன்னும் பத்து நாளு, அவ்ளோதான்" என்றாள். பிறகு காரின் முன்பக்கம் குனிந்தாள். "ஐய, ஒட்டிக்கினு கீதே. இரு" என்று முந்தானையை இழுத்து, அதில் எச்சிலைத் துப்பி, என் நம்பர் பிளேட்டைத் துடைத்தாள். எழுத்து எழுத்தாகத் துடைத்தாள், மேடம். குழந்தை முகத்தைத் துடைக்கிற மாதிரி. "பச்சையா அழகா கீதுண்ணா" என்றாள். அந்தப் பலகையை அழகு என்று சொன்ன ஒரே ஆள் அவள்தான்.

அந்த எச்சில் வெயிலில் காய்வதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வண்டியில் ஏறும்போது ஜன்னல் பக்கம் வந்து இன்னொன்றும் சொன்னாள். "ஒன் வண்டி வர்றது காதுல வுழவே மாட்டேங்குதுண்ணா. நாங்க குனிஞ்சிக்கினே வேலை செய்யறவங்க, காத வெச்சித்தான் ஒதுங்குவோம். ஆரன் அடிச்சிக்கினு வா." நான் தலையாட்டினேன். வீட்டுக்கு வந்து அந்தப் பலகையை டெட்டால் போட்டுக் கழுவினேன். மறுநாளும் கழுவினேன். எச்சில் போய்விட்டது, ஆனால் போனதாக எனக்குத் தோன்றவில்லை. பாதிச் சோற்றில் அந்த முந்தானை ஞாபகம் வந்து எழுந்திருக்கிறேன்.

சம்பவம் அதற்கடுத்த ஞாயிறு, பகல் வேளை. வளைவு திரும்பியதும் தூரத்திலேயே தெரிந்தாள். தனியாக, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தாளைக் கிளறிக்கொண்டிருந்தாள். நேரம் தாராளமாக இருந்தது. ஹாரன் அடித்திருக்கலாம். அடித்தால் திரும்புவாள். என்னைத் தெரிந்துகொண்டு சிரிப்பாள். மறுபடியும் அந்த முந்தானையோடு வருவாள். அதைத் தாங்க என்னால் முடியாது என்று தோன்றியது. ஓரமாகப் போக இடம் இருந்தது. வேகத்தையும் குறைக்கவில்லை, ஏனென்றால் சீக்கிரம் கடந்துவிட வேண்டும். அவள் ஒரு அடி பின்னால் வைத்தாள். வைத்தது அவள்தான்.

சத்தம் பெரிதாக இல்லை. காருக்கும் பெரிய சேதம் இல்லை, மூக்கில் ஒரு கீறல். ஆணி தெறித்து நம்பர் பிளேட் மட்டும் கழன்று போயிருந்தது. நான் இறங்கியது அதைத் தேடத்தான். முன்பக்கப் பலகை இல்லாமல் ஓட்டினால் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அவள் தாளின் நடுவில் மல்லாக்கக் கிடந்தாள். உயிர் இருந்தது. பேச்சும் தெளிவாக இருந்தது. இடுப்புக்குக் கீழே அசையவில்லை. வாயோரம் ரத்தம். என்னைப் பார்த்துத் திட்டுவாள் என்று நினைத்தேன்; திட்டவில்லை. "நாந்தான் பாக்காம பின்னாடி வந்துட்டேண்ணா" என்றாள். பலகை அவள் பக்கத்தில்தான் விழுந்திருந்தது. கையால் துழாவி அதை எடுத்து என்னிடம் நீட்டினாள். "இந்தா, ஒன்னுது." நான் ஒரு மூலையை மட்டும் பிடித்து வாங்கினேன்.

"என்னை ஓரமா இழுத்து வுடுண்ணா" என்றாள். "மோகன் ஜீப்பு வர்ற நேரம்."

தூக்கியிருக்கலாமே என்று நீங்கள் நினைப்பது முகத்திலேயே தெரிகிறது. அன்று நான் வெள்ளைச் சட்டை போட்டிருந்தேன், மேடம். தூக்க வேண்டுமென்றால் அக்குளில் கை கொடுக்க வேண்டும். வியர்வை, ரத்தம், தூசி, அந்த எச்சில் முந்தானை. அவள் கை என் காலை நோக்கி நீண்டபோது நான் பின்னால் நகர்ந்துகொண்டேன். மனிதனுக்கு மனிதன் உடல்வாகு வேறு. சிலருக்குப் பாம்பைத் தொட முடியாது.

பலகையை அங்கேயே கைக்குட்டையால் துடைத்தேன், முன்பக்கம் மட்டும். வீட்டுக்குப் போய்க் கம்பியால் இழுத்துக் கட்டினேன். கடைக்குப் போனால் ஆணி ஏன் உடைந்தது என்று கேட்பார்கள். பின்பக்கம் துடைக்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. நேற்று நீங்கள் கம்பியை அவிழ்த்துத் திருப்பிப் பார்த்தபோது அவளுடைய நாலு விரல்களின் ரத்தத் தடமும் காய்ந்து போய் அங்கே இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு என்னைப் பிடித்துவிட்டதாக நீங்கள் நினைக்கலாம். நான் சொல்வதெல்லாம் நானாகச் சொல்வதுதான்.

ஊரில் என்ன பேசினார்கள் என்பது எனக்கும் தெரியும். வேலை அலுப்பில் தாளுக்குள் படுத்துத் தூங்கிவிட்டாள், மோகன் பார்க்காமல் ஏற்றிவிட்டான் என்றார்கள். அவள் புருஷன் வேடியப்பன் மட்டும், "எம் பொண்டாட்டி ரோட்ல படுத்துத் தூங்கறவ இல்ல" என்று சொல்லிச் சொல்லி உங்களை ஓயவிடவில்லை. அதனால்தான் அந்தச் சாலையில் போகிற வண்டிகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு நேற்று என் வீட்டுக்கும் வந்தீர்கள். மோகனும் தன் பங்குக்கு, "ஆமாங்க, நாந்தாங்க ஏத்துனேன், நாந்தாங்க கொன்னேன்" என்று இந்த ஸ்டேஷனில் சுவரில் முட்டிக்கொண்டானாம். சோறு இறங்கவில்லையாம். அவன் பெண்டாட்டி கலைவாணி வாசலில் உட்கார்ந்திருக்கிறாள். உள்ளே வரும்போது பார்த்தேன். மூக்கைச் சிந்திப் படிக்கட்டிலேயே தடவுகிறாள். யாராவது சொல்லக் கூடாதா.

மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன். கீழே வளைவில் ஜீப்பு ஏறி வரும் சத்தம் கேட்டது. செல்லிக்கும் கேட்டது. "அண்ணா, சீக்கிரம்ணா" என்றாள். வெயில் நேராக அவள் முகத்தில் விழுந்துகொண்டிருந்தது, கண் கூசியது. அவளுடைய கவைக் கோலை எடுத்து, பக்கத்திலிருந்த தாளைக் கொஞ்சம் கொஞ்சமாக அவள் மேல் தள்ளினேன். நிழலுக்காகத்தான். கால், இடுப்பு, பிறகு நெஞ்சு. "வேணாண்ணா, மூச்சு முட்டுது" என்றாள். "ஜீப்பு வருது, அவங்க பாத்துக்குவாங்க" என்றேன். கடைசியாக முகம். மேடாகத் தெரிந்ததால் சுற்றிலும் இன்னும் கொஞ்சம் தாளைச் சேர்த்துப் போட்டு மட்டம் செய்தேன். செய்கிற வேலை சுத்தமாக இருக்க வேண்டும்.

மேல் வளைவில் போய் நிறுத்திக்கொண்டேன். அவளைத் தூக்கிக்கொண்டு போகிறார்களா என்று பார்க்க வேண்டும் அல்லவா. என் காரில் சத்தம் இல்லாததால் கீழே பேசியதெல்லாம் நன்றாகக் கேட்டது. மோகன் நின்று இரண்டு முறை ஹாரன் அடித்தான். "செல்லியக்கா எங்க?" என்று யாரோ கேட்டார்கள். "தண்ணி குடிக்கப் போயிருக்கும். பாவம், ஒத்தை ஆளா கெடந்து சாவுது. நல்லா மிதிச்சி வுட்டுட்டுப் போலாம்" என்றான் மோகன். முன்னால் ஏற்றினான். பின்னால் எடுத்தான். மறுபடியும் முன்னால் ஏற்றினான். தாள் ஒரு இடத்தில் நனைந்து கறுத்ததை மேலேயிருந்து நான் பார்த்தேன். ஜீப்பிலிருந்து ஒரு பெண் அலறிய பிறகுதான் கிளம்பினேன். அதற்கு மேல் நிற்க என் உடம்பு ஒத்துக்கொள்ளாது.

இனி மோகனை விட்டுவிடுவீர்கள். விடுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் ஒரு விஷயத்தை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். வண்டி ஓட்டுகிறவன் எதன் மேல் ஏற்றுகிறோம் என்று ஒரு தடவை இறங்கிப் பார்த்திருக்க வேண்டாமா? கையால் நாலு இழை தாளைத் தள்ளியிருந்தால் போதும், அவள் இன்றைக்கு உயிரோடு இருப்பாள். உயிர் விஷயத்தில் இப்படி ஒரு அலட்சியத்தை என்னால் மன்னிக்கவே முடியாது, மேடம்.