பல் காய்ச்சலுக்கு நூறு வார்த்தை

எட்டு மாதக் குழந்தைக்கு இரண்டு நாளாகக் காய்ச்சல். வெறும் பல் காய்ச்சல், டாக்டர் எதற்கு என்றார் மாமியார். நான் குழந்தையைத் தூக்கிக்கொண்டு, ஆஸ்பத்திரிக்குப் போக அம்பத்தூரில் ரயில் ஏறிவிட்டேன். ஏறிய பிறகு, வில்லிவாக்கத்தில் இறங்கித் திரும்பிவிடலாமா என்று யோசனை.

எதிரே ஒரு டாக்டரும் அவர் மைத்துனரும். பல் காய்ச்சலைப் பற்றி இதுவரை எழுதப்பட்டதை எல்லாம் படித்து டாக்டர் ஒரு கட்டுரை எழுதியிருந்தார். நூறு வார்த்தைச் சுருக்கத்தோடு இன்றே தபாலில் சேர்த்தால்தான் வைத்தியப் பத்திரிகை வாங்கிக்கொள்ளுமாம்.

“காய்ச்சலுக்கு இடமே இல்ல மச்சான்,” என்றார், சுருக்கத்தைப் பென்சிலால் வெட்டிக்கொண்டிருந்த மைத்துனர். “ராவ் பகதூரு, திவான் பகதூரு, தொரைன்னு பட்டமே ரொம்பிகீது.”

“எல்லாரும் எனக்கு மேலதிகாரி, மாப்ளே. ஒருத்தரை விட்டாலும் மலைக்காட்டுக்கு மாத்திடுவாங்க.”

“அப்ப குழந்தைய எடுத்துடவா?”

“குழந்தை இல்லாம பல் யாருக்கு முளைக்கும்?”

“தொரைக்கு மொளைக்கட்டும்! எடுத்துட்டேன். இன்னும் ஆறு வார்த்த அதிகம். கடைசி வரி இன்னா? ‘காய்ச்சல் பல்லால் வருவதில்லை, வேறு காரணம் தேடுக.’ சரியா ஆறு!”

டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார்.

“அடிச்சிடு.”

மைத்துனர் பென்சிலால் அடித்துவிட்டு, முழுவதையும் ஒரு முறை வாசித்தார்.

“பெரியவங்க அல்லாரும் வந்துட்டாங்க மச்சான். இன்னாத்துக்கு வந்தாங்கன்னுதான் தெர்ல.”

வில்லிவாக்கம் வந்தது. நான் இறங்கவில்லை.