ஷைனியின் நம்பர்

ஏலக்காய் விளையும் மலை ஜன்னலில் தெரிகிறது; உங்கள் ஸ்டேஷன் டீயிலோ பேருக்கு ஒரு ஏலக்காய்கூட இல்லை. பரவாயில்லை ஐயா. எழுதிக்கொள்ளுங்கள், நிதானமாகவே சொல்கிறேன்.

என் பெயர் இன்னாசி. பள்ளியில் கம்ப்யூட்டர் வாத்தியார். தங்கை ரோஸ்லினை எம்.எஸ்சி. வரை படிக்கவைத்தவன் நான். அவளோ, கம்பத்திலிருந்து கேரள எஸ்டேட்டுகளுக்கு ஆள் ஏற்றும் ஜீப் டிரைவர் அமல்ராஜைத்தான் கட்டுவேன் என்று நின்றாள். கல்யாணத்தன்று அவன் முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரித்தான். சிரிக்க வேண்டியவன்தான், என் உழைப்பல்லவா அவனுக்குச் சும்மா கிடைத்தது.

ஆறு வருஷம் பொறுத்தேன். ஞாயிறு பூசை முடிந்ததும் இருவரும் என் வீட்டுக்குச் சாப்பிட வருவார்கள். கறிச்சோறு உள்ளே போனதும் அவன் போனைச் சார்ஜில் போட்டுவிட்டு வாயைப் பிளந்து தூங்குவான். போனைத் திறக்கும் எண் ரோஸ்லினின் பிறந்தநாள். பணம் அனுப்பும் எண்ணும் அதுவே. நாலு எண்ணைக்கூடச் சொந்தமாக யோசிக்கத் தெரியாதவன்.

குமுளியில் ஒரு சிம் வாங்கிப் பழைய போனில் போட்டேன். அந்த நம்பரை ஷைனி என்று அவன் போனில் பதிந்தேன். ஷைனி எழுதுவதை அந்தப் பழைய போனிலும், அவன் எழுதுவதை அவன் போனிலும் நானே எழுதினேன். ஷைனி சுலபம். அமல்ராஜாக எழுதுவதுதான் கஷ்டம். வரிக்கு மூன்று பிழை விட வேண்டும். எழுதியதை அவன் கண்ணில் படாமல் ஒதுக்கிவைத்தேன். அவன் வங்கிக் கணக்கிலிருந்தே ஷைனிக்கு ரீசார்ஜும் செய்தேன்.

எட்டாவது மாதம் அவன் போனை ரோஸ்லினிடம் கொடுத்தேன். வாசித்தாள். அன்றே துணிமணியோடு என் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

வக்கீல் ஈஸ்வரபாண்டி செய்திகளையும் வங்கி ஸ்டேட்மென்டையும் பிரிண்ட் எடுத்து விவாகரத்து மனுவில் கோத்தார். மின்னணு ஆதாரத்துக்கு விவரம் தெரிந்தவர் சான்று வேண்டும் என்றார். நானே கையெழுத்துப் போட்டேன். அத்தனை செய்தியும் ஞாயிறு மதியம் இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் போனவை. ஒருவர்கூட ஏன் என்று கேட்கவில்லை. எல்லாரும் பட்டம் வாங்கியவர்கள்.

கோர்ட் வராந்தாவில் அமல்ராஜ் என் கையைப் பிடித்தான். "மச்சான், நீங்க படிச்சவுக. இதை நான் எழுதலைன்னு ரோஸிகிட்ட நீங்களாச்சும் சொல்லுங்க."

வழக்கு நடக்கும்போது எதிர்த்தரப்போடு பேசக்கூடாது என்று சொல்லிக் கையை விடுவித்துக்கொண்டேன்.

தீர்ப்பு வந்த ஒன்பதாம் நாள், திராட்சைக்கு அடிக்கும் மருந்தைக் குடித்துச் செத்தான். காலையில் சேதி வந்ததும் ரோஸ்லின் மனுக்கட்டைப் பிரித்து ஷைனியின் நம்பரைத் தேடினாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தேன்.

"அந்தப் புள்ளைக்கும் தெரியணும்ல அண்ணே. அவுக மொகத்தக் கடைசியா ஒருக்கா பாத்துக்கிறட்டும்" என்று அந்த நம்பரை அழைத்தாள்.

என் பீரோவுக்குள் போன் அடித்தது. அவன் அப்பீல் போனால் ஷைனி மறுபடி தேவைப்படுவாள் என்று அணைக்காமல் வைத்திருந்தேன்.

ரோஸ்லின் பீரோவைத் திறந்தாள். அடித்து ஓயும்வரை பார்த்துக்கொண்டே நின்றாள். மறுபடி அழைத்தாள், மறுபடி அடித்தது. அதை எடுத்துக்கொண்டு நேரே உங்களிடம் வந்துவிட்டாள்.

ஆமாம், எல்லாம் நான் செய்ததுதான். எங்கே கையெழுத்து என்று காட்டுங்கள்.

வெளியே பெஞ்சில் அவள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தேன். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிட்டிருக்கமாட்டாள். இரண்டு இட்லி வாங்கிக் கொடுக்கச் சொல்லுங்கள் ஐயா. அண்ணன் கொடுக்கச் சொன்னான் என்றால் தட்டமாட்டாள்.