சாயின் பாதி

— அய்யோ பிரஜின், எங்கேடா போச்சு? எங்காத்துக்காரர் பேர் எழுதின நீலத் திரை வரவே இல்லியே! போச்சா? எல்லாம் போச்சா?

— பயப்படாதீங்க டீச்சர், ஒண்ணும் போவல்ல. கறுப்புல ரெண்டு வரி தெரியுதுல்லா? மேல உள்ளது லினக்ஸ், உங்களுக்க ஸ்கூல் காரியத்துக்கு. கீழ உள்ளது விண்டோஸ், சாய் சாருக்க. அம்புக்குறிய அமுக்கி, எது வேணுமோ அதுல நின்னு என்டர் தட்டணும். அவ்வளவுதான்.

— அவரோடதுல ஒரு எழுத்து போயிருந்தாலும் அப்பா என்னை இந்த ஆத்துல வெச்சுக்க மாட்டார். என் மாமனாரைப் பத்தி உனக்குத் தெரியாது. பிள்ளை போய் மூணு வருஷமாச்சு, இன்னும் இந்தக் கம்ப்யூட்டர் பெட்டி மேல ஒரு புஸ்தகம் வெக்க விட மாட்டார்.

— பின்ன இதுக்கு எப்படிச் சம்மதிச்சாரு?

— ஒரு மாசம் கெஞ்சினேன். பத்தாம் கிளாஸுக்கு இனி லினக்ஸ்தான், தெரியாம போய் நின்னா பிள்ளைகள் சிரிக்கும்னேன். கடைசியில, “அவன் பாதியைத் தொடப்படாது, உன் பாதியில என்ன வேணா பண்ணிக்கோ, நடுவுல ஒரு சுவர் வெக்கச் சொல்லு”ன்னார். ஆத்தைப் பாகம் பிரிக்கற மாதிரி!

— சுவரா? நல்ல சுவருதான் போங்க. இது ஒரு பக்கம் மட்டும்தான் சுவரு, கேட்டியளா. விண்டோஸ்ல இருந்து பாத்தா லினக்ஸ் தெரியாது. லினக்ஸ்ல இருந்து பாத்தா விண்டோஸ் முழுக்கத் தெரியும். பாஸ்வேர்டும் கேக்காது. வாங்க, காட்டுதேன்.

— வேண்டாம். அந்த பாஸ்வேர்டு எனக்கே தெரியாது. தெரிய வேண்டாம்னுதான் இருக்கேன்.

— ஒண்ணும் போவல்லன்னு நீங்க கண்ணால பாக்கண்டாமா? நாளைக்குப் பெரியவரு எனக்க மேல பாயப்பிடாது. திறக்கல்ல, பேரு மட்டும் பாருங்க. இந்தா, சாய் சாருக்க ஃபோல்டரு. பாட்டு கெடக்கு, ஆபீஸ் காரியம் கெடக்கு, கன்னியாகுமரி போன போட்டோ கெடக்கு. எல்லாம் ரெண்டாயிரத்து மூணும் அதுக்கு முன்னயும். இது... இது என்னது?

— என்ன?

— ஒண்ணுமில்ல டீச்சர். மூடிருதேன்.

— கையை எடு. என்னன்னு சொல்லு.

— சாய் சார் இறந்தது எப்பம்?

— ரெண்டாயிரத்து மூணு ஆகஸ்ட். ஏன்?

— அப்பம் இந்த ஃபைலு... கடைசியா எழுதினது கழிஞ்ச வியாழக்கிழமைன்னு காட்டுது. மத்தியானம் ரெண்டு இருபது.

— விளையாடாதே பிரஜின்.

— எனக்க அம்மை சத்தியமா, நீங்களே பாருங்க.

— கடிகாரம் தப்பா ஓடறதாயிருக்கும்.

— கடிகாரம் செரிதான், வந்ததும் பாத்தேன். செத்துப்போன ஆளு...

— வாயை மூடு! வியாழக்கிழமை ரெண்டு மணிக்கு நான் கிளாஸ்ல நிக்கறேன். ஆத்துல அப்பா மட்டும்தான். அவருக்கு மவுஸைப் பிடிக்கக்கூடத் தெரியாதே! டீவி ரிமோட்டுக்கே என்னைக் கூப்பிடற மனுஷன்!

— திறக்கட்டா?

— திற. இல்லே, வேண்டாம். திற.

— இங்கிலீஷ்ல கெடக்கு. சின்னதுதான்.

— தள்ளு, நான் படிக்கறேன். “வரன் தேவை. பெண் பூரட்டாதி நட்சத்திரம். வயது முப்பத்திரண்டு. எம்.எஸ்ஸி., பி.எட்., கவர்மென்ட் ஸ்கூல் டீச்சர். கணவர் இல்லை, குழந்தை இல்லை. ஜாதகம் பார்க்க வேண்டாம், உட்பிரிவு தடையில்லை. நல்ல மனசு போதும்.” சிவ சிவா...

— இது யாரு டீச்சர்? சொந்தத்துல யாராவது பெண்ணா?

— நான்டா! இது நான்!

— அய்யோ.

— இன்னும் இருக்கு. “கோபம் வந்தால் பேச மாட்டாள், அரை மணிக்கூர் விட்டால் தானே வருவாள். தூக்கத்தில் பேசுவாள், பயப்பட வேண்டாம்.” தூக்கத்துல பேசறதா! அடுத்த அறையில இருந்து அதையெல்லாம் கேட்டுண்டா இருந்தார்? “தொடர்புக்கு, ராமசுப்ரமணியன், வலியசாலை.” அப்பா பேர், இந்த ஆத்து விலாசம்! அந்த நாற்காலியை இழு.

— தண்ணி எடுக்கட்டா?

— கேட் சத்தம் கேக்கறது. கோவில்லேர்ந்து வந்துட்டார். மூடாதே. அப்படியே இருக்கட்டும்.

— என்ன கொழந்தே, ஆச்சா வேலை? நாளைக்கு உன் பிள்ளைகள் முன்னாடி ஜம்முனு நிக்கலாம் ஆக்கும். ஏண்டி, முகமெல்லாம் வெளுத்திருக்கே?

— அப்பா, உங்களுக்குக் கம்ப்யூட்டர் தெரியுமா?

— எனக்கா? நன்னாயிருக்கு! அதெல்லாம் உங்க காலத்து சமாச்சாரம்.

— வியாழக்கிழமை ரெண்டு இருபதுக்கு இந்த நாற்காலியில யாரு உக்காந்தா?

— வியாழக்கிழமையா... சிவ சிவா! அதை யாரு தொறந்தது? பாஸ்வேர்டு எப்படிக் கெடச்சது? ஏண்டா, நடுவுல சுவர் வெக்கச் சொல்லியிருந்தேனே!

— சாரே, லினக்ஸ்ல இருந்து பாத்தா அது கேக்காது... நான் வேணும்னு செய்யல்ல சாரே. டீச்சர், நான் வெளியில பைக்குக்கிட்ட நிக்குதேன்.

— போ பிரஜின், நீ போ. அப்பா, இங்கே பாருங்கோ. போகச் சொல்லறதுன்னா என் முகத்தைப் பாத்துச் சொல்லியிருக்கலாமே! இருபத்தஞ்சு வயசுல இந்த வாசப்படி ஏறினேன். அம்மா இல்லே, அப்பா இல்லே, போறதுக்கு வேற வீடு கிடையாது நேக்கு. காலம்பற உங்களுக்குக் காப்பி கலக்கறேன், சாயங்காலம் ஓடி வரேன். இதைவிட என்ன பண்ணணும்? பேப்பர்ல விளம்பரம் போட்டா என்னை அனுப்பணும்?

— அனுப்பறதா! யார்டி அனுப்பறது?

— ஸ்ரீவராகத்துல உங்க தங்கை காதுல விழுந்தா என்ன சொல்லுவா? தெரு முழுக்கச் சிரிக்காதா? எத்தனை பேப்பருக்குக் குடுத்தேள்?

— ஒண்ணுக்கும் இல்லே.

— பொய்.

— பகவதி மேல ஆணை. அதைப் பாத்துக் கையால பகர்த்தி எழுதி, கவர்ல போட்டு, ஸ்டாம்பு ஒட்டி, தம்பானூர் வரைக்கும் நடப்பேன். ஸ்டேஷன்ல தபால்பெட்டி முன்னாடி நின்னுட்டு அப்படியே திரும்பி வந்துடுவேன். மூணு தரம் போயாச்சு. கை வரல்லே.

— ஏன்?

— நீ போயிட்டா எனக்கு யாருடி இருக்கா? சாயங்காலம் அஞ்சு மணியானா கேட்டைப் பாத்துண்டு உக்காந்திருக்கேனே, உனக்குத் தெரியாதா? சுயநலம்தான். கேவலமான சுயநலம். கோவில்ல போய் நின்னா சாமி முகத்தைப் பாக்க முடியல்லே.

— அனுப்ப மனசில்லேன்னா பின்னே எதுக்கு எழுதணும்? அவர் பேர்ல தொறந்து, அவர் எடத்துல உக்காந்து, நான் தூங்கறதைக்கூட விடாம எழுத உங்களுக்கு எப்படி மனசு வந்தது அப்பா?

— நான் எழுதல்லே கொழந்தே. கடைசியா ஆஸ்பத்திரிக்குப் போனோமே, அதுக்கு முந்தின நாள் அவன்தான் உக்காந்து எழுதினான். எப்படித் தொறக்கணும்னு என் கையைப் பிடிச்சுச் சொல்லித் தந்துட்டு, “ஒரு வருஷம் கழிச்சு அனுப்பிடுங்கோப்பா”ன்னான். வருஷா வருஷம் உன் பொறந்த நட்சத்திரத்தன்னிக்கு நான் அதுல வயசை மாத்திரம் திருத்தறேன்.